சாதாரணக் கட்டிதான் என்றால் மண்டையை ஏன் திறக்க வேண்டும்?

கேள்வி: 2025 பிப்ரவரி 11

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா மகனுக்கு ஆறு வயது. தலைவலி, காலையில் வாந்தி என்று ஸ்கேன் எடுத்ததில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே கட்டி இருக்கிறதாம். கிரானியோஃபாரிஞ்சியோமா என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று சொன்ன டாக்டரே மண்டையைத் திறந்து எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். சாதாரணக் கட்டியை அப்படியே விட்டுவிடக் கூடாதா? அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு 10.40

அனுபவப்பட்டவன்தான். என் மகளுக்கு 2019 ஜூனில் இதே கட்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது மூன்றாம் வகுப்பு, இப்போது எட்டாம் வகுப்பு. விடக் கூடாது, எடுத்தாக வேண்டும். முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள், மிச்சம் வைக்கச் சம்மதிக்காதீர்கள். மற்றது நாளை. கடையில் ஒரு பம்புசெட் மோட்டார் பிரித்த நிலையில் கிடக்கிறது.

பிப்ரவரி 12

தம்பி, 'சாதாரணக் கட்டி' என்றதும் நாங்களும் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கும்பிட்டோம். என் மனைவி ஊருக்குப் போன் போட்டு "ஒன்றுமில்லையாம்" என்றாள். நுண்ணோக்கியில் பார்க்கிறவருக்கு அது சாதுதான். மெதுவாக வளரும், ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போகாது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கண் நரம்புகள் இரண்டும் சந்திக்கும் முனை, பிட்யூட்டரியின் காம்பு, பசியையும் தாகத்தையும் தூக்கத்தையும் நடத்துகிற ஹைப்போதலாமஸ், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனிகள், எல்லாம் ஒரு பெருநெல்லி அளவு இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அங்கே ஒரு கோலிக்குண்டு வந்து உட்கார்ந்தால் அது நல்ல குண்டா கெட்ட குண்டா என்பது இரண்டாவது கேள்வி.

எங்களுக்கு முதலில் துப்புக் கொடுத்தவர் டாக்டர் அல்ல, பாளையங்கோட்டையில் பள்ளிச் சீருடை தைக்கிறவர். அந்த மே மாதம் மகளை அளவெடுத்துவிட்டு நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, பிள்ளைக்குப் போன வருட அளவேதான் இருக்கிறது. அதற்கு முந்தின வருடமும் ஏறக்குறைய இதுதான்" என்றார். துணி மிச்சம் என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஓராண்டாகவே பிள்ளை தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து பானைக்கும் கழிப்பறைக்கும் நடப்பாள். "சூட்டு உடம்பு, நம் ஊர் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று என் மாமியார் வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார். கதவு நிலையில் தோள் இடிப்பாள், பக்கத்தில் நிற்கும் தம்பியை மிதிப்பாள். கவனமில்லாத பிள்ளை என்று திட்டினோம். பார்வைக்காக ஒரு இடத்தில் மூன்று முறை கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். நான்காவதாகப் போன இடத்தில் ஓர் இளம் பெண் டாக்டர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரலை ஆட்டி, "எந்தப் பக்கம் ஆடுகிறது?" என்று கேட்டார். நேரே இருந்த டாக்டரின் மூக்கைப் பார்த்த என் மகள் "ரெண்டும் ஆடவில்லை" என்றாள். இருபுறமும் பார்வையின் வெளிப்பாதி போயிருந்தது, வண்டிமாட்டுக்குக் கண்மறைப்புக் கட்டியதுபோல. கண் நரம்புகள் சந்திக்கும் இடத்தை நடுவில் அழுத்தினால் அப்படித்தான் போகுமாம். மறுநாள் ஸ்கேன்.

பிப்ரவரி 12, பிற்பகல்

ஒருவர் கேட்டிருக்கிறார்: எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு சி.டி.யும் எதற்கு, காசு பிடுங்கவா? இதில் இல்லை. பிள்ளைகளுக்கு வரும் வகையில் கட்டிக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும். அது சி.டி.யில்தான் பளிச்சென்று தெரியும். எம்.ஆர்.ஐ.யில் நீர்ப்பையும் நரம்பும் தெரியும். இரண்டும் வேண்டும்.

பிப்ரவரி 15

இது எப்படி வருகிறது என்று தனிச்செய்தியில் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். தாய் கர்ப்பத்தில் எதையோ தின்றதால், கிரகணத்தில் வெளியே வந்ததால், செல்போனால் என்று எங்கள் தெருவிலும் காரணங்கள் வந்தன. என் மனைவி அதில் பாதியை நம்பி அழுதாள்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். கரு உருவாகும்போது வாயின் மேற்கூரையிலிருந்து ஒரு சிறு பை மேலே எழும்பி மூளையடிக்குப் போய் பிட்யூட்டரியின் முன்பாதியாக மாறும். ராத்கே பை என்று பெயர். வழியில் உதிர்ந்து நின்றுவிட்ட செல்களிலிருந்துதான் பிற்பாடு இந்தக் கட்டி. வாயிலிருந்து போனது என்பதால் பிள்ளைகளின் கட்டி நுண்ணோக்கியில் பல் எனாமல் உண்டாகும் திசுவைப் போலவே இருக்கும். எர்த்ஹைம் என்பவர் 1904இலேயே விவரித்துவிட்டார். கிரானியோஃபாரிஞ்சியோமா என்ற பெயரை 1932இல் நிலைநிறுத்தியவர் ஹார்வி குஷிங். ஒரு மரபணுவில் நேரும் மாற்றமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது கட்டியின் செல்லுக்குள் மட்டும் நேர்வது, தாய் தகப்பன் வழியாக வருவதல்ல. இதை மட்டும் உங்கள் அக்காவிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

எத்தனை அரிது? பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தென்காசி பிரிவதற்கு முன் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி மக்கள் 30 லட்சத்துக்கு மேல். ஆக ஓராண்டில் மூன்று முதல் ஆறு பேர், அதில் பாதியோ அதற்கும் குறைவோ பிள்ளைகள். அம்பாசமுத்திரத்தில் ஒன்று, எங்கள் சிந்துபூந்துறையில் ஒன்று. ஒரு பஸ்ஸில் இரண்டு சீட்டு போதும்.

பிப்ரவரி 19

முதல் நாள் நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். 'மிச்சம் வைக்கச் சம்மதிக்காதீர்கள்' என்றேன் அல்லவா, அது 2019இல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று கத்திய பழைய ஆளின் பேச்சு. ஏழு மணி நேரம் கழித்து வெளியே வந்த அறுவை மருத்துவர், "நீர்ப்பையை வடித்துவிட்டோம், பெரும்பகுதியை எடுத்துவிட்டோம், அரிசி அளவு ஒரு துண்டை மேலே விட்டுவிட்டோம்" என்றார். நான் அவர் முகத்துக்கு நேரே, "நான் பாதி மோட்டாரைக் கட்டிவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் நீங்கள் காசு கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் பார்க்கவில்லை.

எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆயிற்று, அதுவும் என் பட்டறையில்தான். மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிறவர்களுக்குத் தெரியும். மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரில் ஒரு காயில் எரிந்து வார்னிஷ் உருகிப் பக்கத்துக் காயிலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைச் சுரண்டினால் நல்ல கம்பியின் மேல்பூச்சான எனாமலும் சேர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், கரன்ட் கொடுத்ததும் அதுவும் எரிந்துவிடும். மோட்டாரில் நாம் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவோம். ஹைப்போதலாமஸுக்குப் புதுக் கம்பி கிடையாது. அந்தத் துண்டு அதில்தான் ஒட்டியிருந்தது.

ஒரு காலத்தில் எப்படியாவது முழுவதையும் எடுப்பதே திறமை என்று இருந்ததாம். எடுத்த பிள்ளைகள் பிழைத்தார்கள், ஆனால் அடங்காப் பசி, பகலிலேயே தூக்கம், நினைவுத் தடுமாற்றம் என்று ஆனார்கள். 2007இல் பாரிஸ் மருத்துவர்கள், ஹைப்போதலாமஸைக் கட்டி எவ்வளவு பற்றியிருக்கிறது என்று மூன்று படிகளாகப் பிரித்து, மோசமாகப் பற்றியிருந்தால் அங்கே கத்தி வைக்காமல் மிச்சத்துக்குக் கதிர்வீச்சு என்று எழுதினார்கள். பற்றாமல் இருந்தால் முழுவதையும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆகவே தம்பி, நீங்கள் கேட்க வேண்டியது 'முழுசாக எடுப்பீர்களா' என்பதல்ல. 'ஹைப்போதலாமஸ் எந்த நிலையில் இருக்கிறது, அங்கே என்ன செய்யப் போகிறீர்கள்?' என்பதுதான்.

அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டேன். "யார் நீங்கள்?" என்றார்.

பிப்ரவரி 20

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். நீர்ப்பையில் இருந்து வடித்ததை டாக்டர் போனில் படமாகக் காட்டினார். கரும்பழுப்பு, கொழகொழப்பு, மேலே மினுமினுவென்று துகள். மருத்துவப் புத்தகங்களிலேயே இதை இன்ஜின் ஆயில் மாதிரி என்றுதான் எழுதுகிறார்களாம். மினுக்கம் கொலஸ்ட்ரால் படிகம். எனக்கு அந்த ஆயிலைத் தெரியும், தினமும் கையில் படுவது. என் பிள்ளையின் தலைக்குள் அது எப்படிப் போயிற்று என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 2

மூக்கு வழியாகவே எடுத்துவிடலாமே, மண்டையைத் திறப்பது பழைய முறை என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதி சரி. எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டு எடுப்பது இப்போது நன்றாகவே நடக்கிறது, கண் நரம்பைக் கீழிருந்து பார்ப்பதால் அதை அசைக்காமலே எடுக்கலாம். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கின் பின்னால் இருக்கும் எலும்பு இன்னும் காற்றறையாக விரிந்திருக்காது, துவாரமும் குறுகல். கட்டி பக்கவாட்டில் பரவியிருந்தாலும் கை எட்டாது. முடிந்த பிறகு மூளைநீர் மூக்கு வழியாகக் கசியாமல் அடைக்க வேண்டும். என் மகளுக்கு நெற்றியோரத்து முடிக்குள் கீறி, எலும்பை ஒரு சில்லாகத் திறந்து போனார்கள். எந்த வழி என்பதைப் படத்தைப் பார்க்கிறவர் சொல்லட்டும். நாம் பஸ் ரூட் சொல்கிற மாதிரி சொல்ல முடியாது.

மார்ச் 3

முடியில் ஒரு பட்டை மட்டும் சிரைப்போம் என்றுதான் சொன்னார்கள். பட்டைதான். ஆனால் அவள் ஒரு மாதம் என்னுடன் பேசவில்லை.

மார்ச் 9

இந்த இழையைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். கத்தி வைக்கும் நாள் பெரிய நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பெரிய நாள் ஏழாவது நாள்.

முதல் இரவே சிறுநீர் கொட்டத் தொடங்கியது. நர்ஸ் மணிக்கு மணி பையைத் தூக்கிப் பார்த்து எழுதினார்: 280, 310, 340 மில்லி. பிள்ளையின் எடையே 19 கிலோ. சிறுநீரை அடக்கும் வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வருகிற காம்பு அடிபட்டதால் அப்படி. அதற்கு மாற்று மருந்தான டெஸ்மோபிரஸின் கொடுத்தார்கள், அடங்கிற்று. ஆறாம் நாள் மருந்து இல்லாமலே சிறுநீர் தானாகக் குறைந்தது. சரியாகிவிட்டது என்று கொண்டாடினோம். என் மாமியார் ஆசையாக இளநீர் இரண்டு வாங்கி வந்து கொடுத்தார், தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தோம். மறுநாள் பிள்ளை கண்ணைச் செருகிக்கொண்டு தூங்கினாள், பிறகு வலிப்பு வந்தது. ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு 135க்குக் கீழே போகக் கூடாது, 121 இருந்தது.

இது எதிர்பார்க்க வேண்டியதே என்று பிறகுதான் சொன்னார்கள். அடிபட்ட காம்பின் முனைகள் சாகும்போது சேமித்து வைத்த ஹார்மோனை மொத்தமாகக் கக்கிவிடும். அந்த நாட்களில் உடம்பு தண்ணீரை வெளியே விடாது, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். கக்கி முடிந்ததும் மறுபடியும் கொட்டும், பலருக்கு அது ஆயுள் முழுவதும். எல்லோருக்கும் இந்த மூன்று கட்டமும் வராது, வந்தால் இந்த வரிசையில் வரும். சிறுநீர் தானாகக் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் அதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதைச் சும்மா பெரிய மனதுபோல் மறைக்கவும் போவதில்லை.

மார்ச் 11

மேலே எழுதியதைப் படித்து என் மனைவி சண்டைக்கு வந்துவிட்டாள். இளநீர் வாங்கி வந்தது அவள் அம்மா அல்ல, நான். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 23

பெயர்க் குழப்பம் ஒன்று. இந்தச் சிறுநீர்த் தொல்லைக்கு வெல்லமில்லா நீரிழிவு என்று பெயர். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மகள் இலையிலிருந்து ஒரு பெரியம்மா பாயசத்தை எடுத்து அப்பால் வைத்தார், "பிள்ளைக்குச் சுகர் அல்லவா" என்று. டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற ஆங்கிலப் பெயரிலும் இதே வம்பு. ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளி என்று தப்பாக எண்ணி டெஸ்மோபிரஸினை நிறுத்திய ஆபத்துகள் உலகில் நடந்திருக்கின்றன. அதனால் 2022இல் வாசோபிரஸின் குறைபாடு என்று பெயரை மாற்றினார்கள். பழைய சீட்டில் பழைய பெயர்தான் இருக்கும், எங்கே போனாலும் வாயால் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோய் இல்லை என்று சொல்லிவிட்டு அல்வாவைப் பூட்டி வைக்கிற வீடும் எங்கள் வீடுதான். பசி. ஹைப்போதலாமஸில் போதும் என்று சொல்கிற இடம் அடிபட்டால் வயிறு நிறைந்தாலும் தலைக்குச் செய்தி போகாது. எவ்வளவோ காப்பாற்றியும் எங்களுக்குக் கொஞ்சம் அடிபட்டது. ஜங்ஷனில் வாங்கிய கால் கிலோ அல்வாவைப் பட்டறையில் வார்னிஷ் டின்னுக்குப் பின்னால் வைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். பள்ளியில் ஒருவர் எல்லோர் முன்னாலும் "வாயைக் கட்டு" என்றார். பிள்ளை அதை என்னிடம் சொல்லவில்லை, தம்பிதான் சொன்னான். இது மனவுறுதி விஷயமே இல்லை, தாகத்துக்கு மனவுறுதி என்ன செய்யும்?

ஏப்ரல் 6

களக்காட்டிலிருந்து ஒரு தாய்மாமன் என்னைத் திட்டியிருக்கிறார். அவருடைய மருமகனுக்குச் சிறுமூளையில் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற கட்டி, அதுவும் சாதாரண வகை, முழுவதையும் எடுத்தார்கள், பையன் கபடி ஆடுகிறான், நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்கிறார். நியாயம். அந்தக் கட்டியை அந்த இடத்தில் முழுவதும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. கைக்குழந்தைகளுக்கு மூளைநீர் சுரக்கும் இடத்திலேயே வருகிற கோராய்டு பிளெக்சஸ் பாப்பிலோமா என்ற கட்டியும் அப்படியே. நீரைக் கூடுதலாகச் சுரந்து தலையைப் பெருக்கும், எடுத்தால் குணம். அதில் ரத்தப்போக்குதான் பயம், குழந்தையின் உடம்பில் இருப்பதே ஒரு செம்பு ரத்தம். நான் சொல்வது என் மகளின் கட்டியைப் பற்றி மட்டும்.

ஏப்ரல் 7

காரணமில்லாமல் சிரிக்கிற பையனைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், மந்திரிக்கப் போகிறார்களாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் சிரிப்பே வலிப்பாக வருவதுண்டு, ஹைப்போதலாமஸில் ஹமர்டோமா என்ற கட்டி இருந்தால். முகத்தில் மகிழ்ச்சி இல்லாத சிரிப்பு, ஒரு நாளைக்குப் பல தடவை. மந்திரித்தாலும் சரி, எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள்.

மே 18

இத்தனை நாள் எழுதவில்லை, கோடையில் மோட்டார் வரத்து அதிகம்.

மிச்சம் வைத்த துண்டு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். 2020 கடைசியில் கடலை அளவு ஆயிற்று. 2021இல் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், 30 தடவை. தலை அசையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் முக்கி, மெத்தென்று ஆனதும் முகத்தில் போட்டு அழுத்துவார்கள். இறுகியதும் அவள் மூக்கு, அவள் தாடை அப்படியே பதிந்திருக்கும். முடிந்ததும் கேட்டு வாங்கி வந்தாள். அவள் தம்பி அதைப் போட்டுக்கொண்டு தெருவில் பிள்ளைகளைப் பயமுறுத்தி அடி வாங்கினான். சுற்றியுள்ள மூளைக்குக் கதிர் குறைவாகப் படுகிற புரோட்டான் வசதி சென்னையில் 2019இலிருந்து இருக்கிறது. செலவைக் கேட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

அதன் பிறகு துண்டு வளரவில்லை. வலக்கண் பார்வை ஏறக்குறைய திரும்பியது, இடக்கண் திரும்பவில்லை.

மே 25

அடிபட்ட பிட்யூட்டரி செய்ய வேண்டிய வேலையை இப்போது மருந்துதான் செய்கிறது: காலையில் ஹைட்ரோகார்ட்டிசோன், வெறும் வயிற்றில் தைராக்சின், இரண்டு வேளை டெஸ்மோபிரஸின், இரவில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. இதில் உயிர் பிடித்திருப்பது ஹைட்ரோகார்ட்டிசோன். காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசி.

2023 டிசம்பர் 17 இரவு கொட்டிய மழை நம் ஊரில் யாருக்கும் மறக்காது. விடிந்தபோது தாமிரபரணி எங்கள் சிந்துபூந்துறைத் தெருவில் ஓடியது. எதிர்வீட்டு மாடியில் மூன்று குடும்பம். கரன்ட் இல்லை. மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். மாத்திரை எண்ணினேன், பதினொன்று. மூன்று மடங்கு கொடுத்தால் எத்தனை வேளை வரும் என்று சுவரில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டேன். தெருப் பையன் ஒருவன் இடுப்பளவுத் தண்ணீரில் போய், ஷட்டரைப் பாதி தூக்கியிருந்த ஒரு மருந்துக் கடையில் இரண்டு அட்டை வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா பரணில் இருக்கிறது: ஒரு மாத மாத்திரை, ஊசிக் குப்பி, சீட்டின் நகல். அரிசி தீர்ந்தாலும் அது தீராது.

ஜூலை 13

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்துவிட்டார். தலைக்குள் மூளைநீர் தேங்கியதால் அவசரமாகக் குழாய் வைத்தார்களாம், அதனால்தான் இத்தனை மாதம். இப்போது வரும் வியாழன் அறுவை. ஹைப்போதலாமஸில் பற்றியிருக்கிறது, அங்கே தொடப் போவதில்லை என்று டாக்டரே படம் போட்டுச் சொன்னாராம். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? நல்லது.

ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடித்தது ஒரு பத்தி, போனது ஒரு பத்தி, நேரம், சோடியம். வார்டில் அவர்களும் எழுதுவார்கள், நீங்களும் எழுதுங்கள். ஏழாம் நாள் அக்காவைத் தூங்கச் சொல்லிவிட்டு நீங்கள் விழித்திருங்கள். என் நம்பரைத் தனிச்செய்தியில் போட்டிருக்கிறேன், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பேன். பகலில் பட்டறைச் சத்தத்தில் கேட்காது, இரண்டு முறை அடியுங்கள்.